பிழையில்லாமல் ஓடினால் வெற்றியா?



உயர்தரத்தில் ஐசிடி படிக்கும் நம்ம பிள்ளைகள் செய்யும் செயற்றிட்டங்களுக்கு ஆசிரியர்கள் நாங்கள் எப்படிப் புள்ளி போடுகிறோம்? சொன்ன திகதிக்குத் தந்தாரா, கேட்டதெல்லாம் இருக்கா, பிழையில்லாமல் ஓடுதா. மூன்றும் சரியென்றால் வெற்றி.

ஒரு மாணவர் நூலகம் ஒன்றுக்கு முறைமை செய்தார். நல்ல புள்ளி போட்டோம். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அங்கே பழையபடி கொப்பியில் எழுதுகிறார்கள். "ஒரு புத்தகம் பதிய நாலு பக்கம் திறக்கணும் சேர், கொப்பில எண்டா ஒரு வரிதானே" என்றார்கள். அந்தப் பிள்ளையில் பிழையில்லை. பாவிக்கப் போகிறவரிடம் முதலில் போய்க் கேள் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கவில்லை.

2004 டிசம்பர் 26ஐ நம்ம கரையில் யாரும் மறக்கமாட்டோம். அந்த அழிவுக்குள்தான் இலங்கையின் மென்பொருள் துறைத் தொண்டர்கள் சேர்ந்து 'சஹானா'வை எழுதினார்கள். காணாமல் போனவர்கள் யார், முகாம்களில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று பதிவதற்கான திறந்த மூல மென்பொருள் அது. ஆறுதலாகத் தேவைகளை எழுதிக் கொடுக்க அன்று யாருக்கும் நேரமிருக்கவில்லை. எங்கள் புள்ளித் திட்டத்தில் அதற்கு எத்தனை கிடைத்திருக்கும்? ஆனால் 2005 பாகிஸ்தான் பூகம்பத்திலும், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும் அதே மென்பொருளை எடுத்துப் பாவித்தார்கள். கஷ்டத்தில் இருந்த இன்னொரு நாட்டுக்கு அது உதவியது. அதுவும் வெற்றிதானே?

காலமும் செலவும் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு வரும் எச்சரிக்கையால் யாருக்கு என்ன பயன்? ஆனால் அவற்றோடு இன்னும் மூன்றைப் பிள்ளைகளிடம் கேட்போம். இது யாருடைய வேலையை லேசாக்கும்? இப்போது அந்த வேலைக்கு எத்தனை நிமிடம் எடுக்குது, எத்தனையாகக் குறைக்கப் போகிறாய்? ஒப்படைத்து ஒரு மாதம் கழித்தும் அவர்கள் பாவிக்கிறார்களா?

முதல் இரண்டுக்கும் கோட் எழுத முன்னரே பதில் எழுத வேண்டும். முடித்த பிறகு அளவுகோலைத் தேடினால், எல்லாச் செயற்றிட்டமும் வெற்றியாகத்தான் தெரியும்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை" என்பீர்கள். ஒரு பக்கம்தான் கேட்கிறோம். "யாரும் பாவிக்கவில்லை, காரணம் இதுதான்" என்று ஒரு பிள்ளை நேர்மையாக எழுதினால், அதற்கும் முழுப்புள்ளி போடுவோம். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கும் வங்கிக்கும் மென்பொருள் எழுதப் போவது இந்தப் பிள்ளைகள்தான்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குத் தருவானாக.