'நல்லாத்தானே இருக்கே, இன்னும் எதுக்கு மாத்திரை?'

மனநல மருத்துவரிடம் போய்வந்த எவரும் இந்தக் கேள்விக்குத் தப்பியிருக்க மாட்டார்கள். அம்மா கேட்பார், மாமியார் கேட்பார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்கூடக் கேட்பார். பெரும்பாலும் அக்கறையில்தான் கேட்கிறார்கள். ஆனால் தேறி வந்தவர்களைத் திரும்பவும் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்துவதும், சிலரைத் திரும்பி வரமுடியாத இடத்துக்கே அனுப்பிவிடுவதும் இந்தக் கேள்விதான். அக்கறைதானே என்று இதைச் சும்மா விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

உடம்பு சரியாகிவிட்டால் மாத்திரைக்கு வேலை இல்லை என்ற நம்பிக்கை இதன் அடியில் இருக்கிறது. காய்ச்சலுக்கு அது சரி. அதே வீட்டில் அப்பா பல வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ரிப்போர்ட் நார்மல் என்று வந்தால், "அப்போ மாத்திரையை நிறுத்திடுங்க" என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. மாத்திரை சாப்பிடுவதால்தான் நார்மல் என்பது எல்லோருக்கும் தெரியும். மகளின் மனச்சோர்வுக்கோ மகனின் இருமுனைக் கோளாறுக்கோ அந்த அறிவை நாம் பயன்படுத்துவதே இல்லை.

நன்றாக இருப்பவர் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் ஐம்பது வருடத்துக்கு முன்பே சோதித்துப் பார்த்துவிட்டது. இருமுனைக் கோளாறுக்குத் தரும் லித்தியம் என்ற மருந்து பித்தெழுச்சியை, அதாவது மனம் கட்டுமீறிக் கிளர்ந்தெழும் நிலையை, தணிக்கிறது என்று ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் எழுதினார். நோய் திரும்பாமலும் அது தடுக்கிறது என்று டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூவும் அவருடைய சகாக்களும் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1970இல் அவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். இருமுனைக் கோளாறோ திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வோ இருந்து, லித்தியத்தால் நிலைபெற்றிருந்த 84 பெண்கள் அதில் இருந்தார்கள். ஒரு பாதிப் பேருக்கு லித்தியம் தொடர்ந்தது. மற்றவர்களுக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியாது. ஐந்து மாதத்துக்குள் வெற்று மாத்திரை பெற்ற 39 பேரில் 21 பேருக்கு நோய் திரும்பியது. லித்தியம் தொடர்ந்த 45 பேரில் ஒருவருக்கும் திரும்பவில்லை. எல்லோருக்கும் எப்போதும் இவ்வளவு சுத்தமாகப் பலன் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த 21 பேரும் சோதனை தொடங்கிய அன்று 'நல்லாத்தான்' இருந்தார்கள்.

நம் ஊரில் இப்படி மாத்திரை நின்றுபோவது பெரும்பாலும் கல்யாணத்தை ஒட்டி. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து விட்டமின் டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புகிறார்கள். புது வீட்டில் ஒளித்துச் சாப்பிட முடியாமல் சில நாளில் அதுவும் நின்றுபோகிறது. ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா, நான்தான் சொன்னேனே" என்று அம்மா போனில் நிம்மதிப்படுகிறார். பிறகு தூக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்குகிறது. விடியற்காலையில் எழுந்து அடுக்களை அலமாரிப் பாத்திரங்களையெல்லாம் இறக்கித் தேய்க்கிற மருமகளைப் பார்த்து, என்ன சுறுசுறுப்பு என்று மாமியார் மெச்சுகிறார். பேச்சு வேகமெடுக்கிறது, நகை அடகுக்குப் போகிறது, நடுராத்திரியில் யார் யாருக்கோ போன் போகிறது. அதற்குள் கைமீறிவிடுகிறது. பழி முழுக்க அந்தப் பெண் தலையில் விழுகிறது. மாத்திரையை நிறுத்தச் சொன்னவர்களை யாரும் கேட்பதில்லை. இரவுத் தூக்கம் கெடுவதே பித்தெழுச்சியைக் கிளப்பக்கூடியது. கல்யாண அலைச்சலில் தூக்கமும் போய், அதே சமயம் மருந்தையும் பிடுங்குவது கொடுமை.

முதல் சில நாள் ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் ஏமாற்றிவிடுகிறது. லித்தியத்தை நிறுத்தியவர்களைப் பற்றிய ஆய்வுகளை 1991இல் தொகுத்துப் பார்த்தபோது, புதிதாக வந்த பாதிப்புகளில் பாதிக்கு மேல் நிறுத்திய பத்து வாரத்துக்குள் வந்திருந்தது தெரிந்தது. ஒரு மாதம் தாக்குப்பிடித்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

'அடிமையாகிவிடுவோம்' என்ற பயத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்றவை உண்மையிலேயே பழக்கமாகக்கூடியவை. மனச்சோர்வு மருந்தோடு அவற்றையும் சேர்த்து எழுதுவது இங்கே சகஜம். மனச்சோர்வு மருந்தான எஸ்சிட்டலோபிராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரைக்குள் வருவதும் உண்டு. அதனால் எல்லாமே 'தூக்க மாத்திரை' ஆகிவிட்டது. எஸ்சிட்டலோபிராமோ செர்ட்ராலினோ லித்தியமோ போதை தருவதில்லை, இன்னும் வேண்டும் என்று ஏங்க வைப்பதும் இல்லை. மனச்சோர்வு மருந்தைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலாம், சிலருக்கு மண்டைக்குள் கரன்ட் அடித்தாற்போல இருக்கும். மருந்துக்குப் பழகிய உடம்பு மறுபடி சமநிலைக்கு வர அவகாசம் கேட்பது அது. வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடலாம்.

எல்லோரும் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. இங்கிலாந்தில் நீண்டகாலமாக மனச்சோர்வு மருந்து சாப்பிட்டு, நலமாக இருந்து, நிறுத்தலாமா என்று யோசித்த 478 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. படிப்படியாக நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதம் பேருக்கு. நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேர் அந்த வருடத்தை நலமாகவே கடந்தார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. முதல்முறை மனச்சோர்வு வந்தவர் தேறிய பிறகு குறைந்தது ஆறு மாதம் தொடர்ந்துவிட்டுக் குறைத்துப் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வந்தவருக்கு இரண்டு வருடமாவது வேண்டும். இருமுனைக் கோளாறு என்றால் கணக்கே வேறு. பலருக்கு மருந்து பல வருடத் துணை.

மருத்துவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. கூட்டம் நெரியும் ஓ.பி.யில் இரண்டு நிமிடத்தில் பழைய சீட்டையே திரும்ப எழுதித் தள்ளுகிறவர்கள், எடை ஏறியதா, கை நடுங்குகிறதா, தாம்பத்தியத்தில் குறை உண்டா என்று கேட்பதில்லை. கேட்காததால் நோயாளியும் சொல்வதில்லை. வீட்டுக்குப் போய்ச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். லித்தியம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும், தைராய்டையும் குறித்த இடைவெளியில் பார்த்தாக வேண்டும். இருமுனைக் கோளாறுக்குத் தரும் இன்னொரு மருந்தான வால்புரோயேட் கருவைப் பாதிக்கக்கூடியது. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லாமல் எழுதித் தருவது பெருந்தவறு. மருந்தை மாற்ற, அளவைக் குறைக்க, நிறுத்தவும்கூட நியாயமான காரணங்கள் உண்டு. 'நல்லாயிட்டேன்' என்பது மட்டுமே அந்தக் காரணமாகாது.

முடிவெடுக்கும் உரிமை சாப்பிடுகிறவருடையது. மறுபடி நோய் முற்றினால் தனக்கு எப்படிச் சிகிச்சை தரவேண்டும், எப்படித் தரக்கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. தன் சிகிச்சையில் இவ்வளவு சொல்லுரிமை உள்ளவரின் மாத்திரை டப்பாவை உறவினர்கள் பிடுங்கக் கூடாது.

நிறுத்தத் தோன்றினால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே, வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எனக்குத் திரும்ப வரும் வாய்ப்பு எவ்வளவு, எந்த வேகத்தில் குறைப்பது, எந்த அறிகுறி தெரிந்தால் உடனே வரவேண்டும் என்று நேராகக் கேளுங்கள். தூக்கம் குறைகிறதா என்று கவனிக்கும் பொறுப்பைக் கூட வந்தவரிடம் கொடுங்கள். உடனே மருத்துவரைப் பார்க்க முடியாதவர்கள் டெலி மானஸ் எண் 14416க்கு அழைக்கலாம். எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.