கிளட்ச் மேல இருந்து காலை எடுங்கய்யா!

போன மாசம் வெள்ளிமலையில ஒரு விசேஷம். முடிச்சுட்டு மாமாவோட கார்ல கச்சிராயபாளையம் இறங்கினோம். காருக்குள்ள அஞ்சு பேர். இறக்கம் ஆரம்பிச்சதும் மாமா செய்த முதல் காரியம், கியரை நியூட்ரலுக்குத் தள்ளினதுதான். "ஏன் மாமா?"ன்னேன். "இறக்கத்துல எதுக்குய்யா இன்ஜினுக்குத் தீனி போடணும்? இருபத்தஞ்சு வருஷமா இப்படித்தான் இறங்கறேன்"னார்.

பாதி மலையில கருகின வாசனை. அடுத்த வளைவுல பிரேக் பெடல் மெத்துன்னு உள்ள போச்சு. நல்லவேளை, அந்த இடம் கொஞ்சம் சமமா இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஓரங்கட்டிட்டு முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். சக்கரத்துக்கிட்ட கையைக் கொண்டுபோக முடியல, அவ்வளவு சூடு.

அத்தை பக்கத்துல இருந்ததால அங்கே சொல்ல முடியாததை எல்லாம் இங்கே கொட்டிடறேன்.

முதல்ல கிளட்ச்னா என்ன? இன்ஜினுக்குப் பின்னால ஃபிளைவீல் சுத்திக்கிட்டே இருக்கும். கியர் பாக்ஸுக்குள்ள போற தண்டில் கிளட்ச் பிளேட் இருக்கும். ஒரு கிண்ணம் மாதிரியான ஸ்பிரிங்கின் பலத்தில், பிரஷர் பிளேட் அந்த கிளட்ச் பிளேட்டை ஃபிளைவீலோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருக்கும். மூணும் ஒரே துண்டாகச் சுத்தும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் ஸ்பிரிங்கின் நடுவை அழுத்தும், பிரஷர் பிளேட் பின்வாங்கும், பிடி விட்டுப் போகும். அவ்வளவுதான் விஷயம். சும்மா இருக்கும்போது பிடித்திருக்கும், மிதித்தால்தான் விடும். நம்மாளுங்க பாதிப் பேர் இதைத் தலைகீழா நினைச்சுக்கிட்டு இருக்காங்க.

பிடித்ததற்கும் விட்டதற்கும் நடுவில் இருப்பதுதான் நம்ம ஊர் பெருமைப்படும் "அரை கிளட்ச்". வண்டி கிளம்பும் ஒண்ணு ரெண்டு விநாடிக்கு அது வேணும், மறுக்கல. ஆனா மலை ஏறும்போது முன்னாடி பஸ் நின்னா, ஹேண்ட் பிரேக் போடாம, அரை கிளட்ச்லயே வண்டியைத் தொங்கவிட்டு, "பாத்தியா கண்ட்ரோலு!"ன்னு சிரிக்கிறாங்களே, அதுக்குப் பேர் கண்ட்ரோல் இல்லைங்க. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது. அந்த நேரம் முழுக்க பிளேட் வழுக்கிக்கிட்டே சூடாகுது. பிளேட் மாத்தணும்னா கியர் பாக்ஸையே இறக்கணும். மெக்கானிக் பில் வரும்போது தெரியும் கண்ட்ரோல்.

"பைக்ல அரை கிளட்ச்சுலதானே ஊர்றோம்?"னு கேட்பீங்க. பைக்ல இருக்கறது எண்ணெயில் ஊறும் பல பிளேட் கிளட்ச். சூட்டை எண்ணெய் வாங்கிக்கும். சாதாரண கியர் காரில் இருப்பது ஒத்தைப் பிளேட், அதுவும் உலர்ந்தது. ரெண்டையும் ஒண்ணா நினைச்சா எப்படி?

பாதி மிதிக்கறதுக்குன்னே செய்த கிளட்ச் ஒண்ணு உண்டு. நம்ம ஊர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏத்திக்கிட்டு வருதே, அந்த மாதிரி டிராக்டர் பலதுல ரெட்டை கிளட்ச் இருக்கும். பாதி மிதிச்சா வண்டி நிக்கும், பின்னால கருவியைச் சுத்தற பி.டி.ஓ. தண்டு ஓடிக்கிட்டே இருக்கும். முழுசா மிதிச்சாத்தான் அதுவும் நிக்கும். மாமா டிராக்டர் ஓட்டிப் பழகினவர்னு சொன்னா கூட மன்னிச்சிருப்பேன். :-)

இப்ப இறக்கத்துக்கு வருவோம். நியூட்ரல் போட்டாலும் கிளட்சை மிதிச்சே பிடிச்சாலும் நடக்கறது ஒண்ணுதான். இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்து போகுது. ரெண்டாவது கியர்ல விட்டா இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அந்த உதவியை வேண்டாம்னு தள்ளிட்டு மொத்த பாரத்தையும் பிரேக் தலையில கட்டறோம். கணக்குப் போட்டுப் பாருங்க. ஆளோட சேர்த்து 1300 கிலோ வண்டி 500 மீட்டர் உயரம் இறங்கினா கிடைக்கும் ஆற்றல், ஒரு 20 லிட்டர் வாட்டர் கேன் தண்ணியைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். அவ்வளவு சூட்டையும் நாலு சக்கரத்து பிரேக் வாங்கினா, பெடல் மெத்துன்னு போகாம வேற என்ன செய்யும்?

பெட்ரோல் மிச்சமாம்! அம்பாசிடர் கார்புரேட்டர் காலத்துல அதுக்கு ஒரு நியாயம் இருந்திருக்கலாம். இன்ஜெக்ஷன் வண்டியில், கியரில் இருந்து, ஆக்சிலரேட்டரில் கால் இல்லாம, இன்ஜின் ஓரளவு வேகத்தோட சுத்தினா, கம்ப்யூட்டர் பெட்ரோலையே நிறுத்திடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். நியூட்ரல் போட்டாத்தான், இன்ஜின் அணையாம இருக்க பெட்ரோல் ஊத்தணும். அதாவது மாமா இருபத்தஞ்சு வருஷமா மிச்சம் பிடிச்சதுல பாதி வருஷம் செலவு கணக்குலதான் சேரும். இன்னும் சில புத்திசாலிகள் சாவியையே திருப்பி ஆஃப் பண்றாங்க. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் ரெண்டு மூணு மிதிக்கு மேல வராது, பவர் ஸ்டியரிங்கும் போயிடும். கொண்டை ஊசி வளைவுல இது தேவையா?

இதெல்லாம் நான் புதுசா கண்டுபிடிச்சதில்லை. 1989ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15வது விதியைப் பாருங்க. லைசென்ஸ் கேட்பவர் இறக்கத்துல சட்டுனு கீழ் கியருக்கு மாத்தத் தெரிஞ்சவரா இருக்கணும், செங்குத்தான ஏத்தத்துல நிறுத்தி, பின்னால உருளாம மறுபடி எடுக்கத் தெரிஞ்சவரா இருக்கணும்னு எழுதியே வச்சிருக்கு. நான் சமதள மைதானத்துல வண்டியை ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கினவன். ஏத்தமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கல்வராயன் மலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு இதுதான் நம்ம லட்சணம்.

"ஆட்டோமேட்டிக் வாங்கிட்டா தொல்லை விட்டுது"ங்கறார் மச்சான். எந்த ஆட்டோமேட்டிக்? 2014ல மாருதி செலேரியோவோட வந்த ஏஎம்டியில இருக்கறது அதே ஒத்தை உலர் பிளேட்தான். உங்க காலுக்குப் பதிலா ஒரு இயந்திரம் மிதிக்குது. 2020ல ஹூண்டாய் வென்யூவுல வந்த ஐஎம்டியும் அப்படித்தான், கியரை மட்டும் நாம மாத்தணும். டிசிடியில ரெண்டு கிளட்ச், ஒண்ணு ஒத்தைப்படை கியருக்கு, இன்னொண்ணு இரட்டைப்படைக்கு. ஏத்தத்துல பிரேக் மிதிக்காம ஆக்சிலரேட்டர்லயே வண்டியைத் தாங்கி நிறுத்தினா, இதுல எல்லாத்துலயும் பிளேட் கருகும். டார்க் கன்வர்ட்டர் வச்ச வண்டியில எண்ணெயே இணைப்பா இருக்கறதால அந்தத் தேய்மானம் இல்லை, ஆனா அதுலயும் இறக்கத்துல நியூட்ரல் போட்டா கதை ஒண்ணுதான். டிவிஎஸ் எக்ஸெல்லுல கிளட்ச் இன்ஜின் வேகத்துல தானா விரிஞ்சு பிடிக்கும். வேகம் குறைஞ்சா தானா விட்டுடும், இன்ஜின் பிடியும் போயிடும். மலையில அதை ஓட்டறவங்க பிரேக்கை நல்லா பாத்து வச்சுக்கணும்.

அடுத்த வாரம் மறுபடி வெள்ளிமலை போறேன், இந்தத் தடவை என் வண்டி. இறங்கும்போது முதல் வளைவுக்கு முன்னாடியே செகண்ட் கியர் போட்டுருவேன். இன்ஜின் கொஞ்சம் உறுமும். பின்னால வர்ற மகராசங்க ஹாரன் அடிக்காதீங்க, இடம் கிடைச்சதும் ஒதுங்கி வழி விடறேன். மாமாவுக்குப் பின் சீட்டு ஒதுக்கியாச்சு.