மன்னிப்பும் கணக்கும்

தேர்தலில் தோற்ற பிறகு, "நமது சாதனைகளை மக்களிடம் கொண்டுசேர்க்கத் தவறிவிட்டோம்" என்று கூறுவது நமது அரசியல் கட்சிகளின் வாடிக்கை. மக்களுக்குப் புரியவில்லை என்பதே இதன் உட்பொருள். நன்றாகப் புரிந்துகொண்டதால்தான் தோற்கடித்தார்கள் என்பதை ஏற்க எந்தக் கட்சிக்கும் மனம் வருவதில்லை.

2004 தேர்தலுக்கு முன்பு "இந்தியா ஒளிர்கிறது" என்ற விளம்பரத்துக்காக அரசுப் பணம் கோடிக்கணக்கில் செலவிடப்பட்டது. கடனில் தவித்த விவசாயியின் வீட்டில் அந்த ஒளி தெரியவில்லை. 138 இடங்களுடன் பாஜக ஆட்சியை இழந்தது. விளம்பரம் குறைந்துபோனதால் நேர்ந்த தோல்வி அல்ல அது.

தலைநகரம் வேறொரு பாடத்தைத் தருகிறது. 2013 டிசம்பரில் தில்லியில் ஆட்சி அமைத்த ஆம் ஆத்மி கட்சி, 49 நாள்களில் பதவி விலகியது. 2014 மக்களவைத் தேர்தலில் தில்லியின் 7 தொகுதிகளில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை. பதவி விலகியதற்காக அரவிந்த் கேஜரிவால் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். பல தரப்பினருடன் கலந்து பேசி, 70 அம்சச் செயல்திட்டம் தயாரிக்கப்பட்டது. 2015-இல் 70 இடங்களில் 67 அக்கட்சியின் வசமாயின.

அதே தலைவர் 2025 ஜனவரியில், யமுனையைத் தூய்மைப்படுத்துவது உள்ளிட்ட மூன்று வாக்குறுதிகளை நிறைவேற்ற முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். இம்முறை கிடைத்தவை 22 இடங்களே. தோல்விக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால், முன்னது தேர்தலுக்குப் பல மாதங்களுக்கு முன்பே கேட்கப்பட்ட மன்னிப்பு; அதைத் தொடர்ந்து உழைப்பும் இருந்தது. பின்னதோ வாக்குக் கேட்கும் வேளையில் வந்தது. வாசலில் நின்றுகொண்டு சொல்லும் உண்மைகூடச் சமாதானமாகவே காதில் விழும்.

வாக்குறுதிகளுக்கான நிதி ஆதாரத்தைப் பொதுவாகவேனும் தேர்தல் அறிக்கையில் குறிப்பிட வேண்டும் என்கிறது தேர்தல் நடத்தை விதி. 2013-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை அடுத்துச் சேர்க்கப்பட்ட விதி இது. கட்சிகள் இதைச் சடங்காகக் கருதாமல், ஒவ்வொரு வாக்குறுதிக்கும் அருகில் செலவையும் வரவையும் எழுதட்டும். ஆட்சிக்கு வந்தபின், நடந்தது எது, நடக்காதது எது, ஏன் என்று ஆண்டுதோறும் கணக்குக் காட்டட்டும்.

குறையே இல்லாத ஆட்சியை வாக்காளர் எதிர்பார்க்கவில்லை. தன்னை ஏமாளியாக நினைக்காத கட்சியைத்தான் அவர் தேடுகிறார்.