தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் நேற்று ராத்திரி ஆங்கில மரபுத்தொடர்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "கிக் ஓவர் தி ட்ரேசஸ், கட்டுப்பாட்டை மீறுதல்." இருபது தரமாவது சொல்லியிருப்பாள். "ட்ரேசஸ்னா என்னம்மா?" என்று கேட்டேன். "சுவடுப்பா. சுவட்டை எட்டி உதைக்கிறது" என்றாள். வயிறு எரிந்தது.

அது சுவடு இல்லை. குதிரையை வண்டியோடு பிணைக்கும் வார். முரண்டு பிடிக்கிற குதிரை அந்த வாரைத் தாண்டிக் காலை வெளியே போட்டுவிட்டால் வண்டிக்காரரால் அதை அடக்க முடியாது. இந்தக் காட்சி மனதில் ஏறினால் இருபது தரம் எதற்கு?

நோட்ஸைப் புரட்டினேன். நாலைந்து தொடர்களுக்கு ஒரே பொருள்: 'தப்பித்தல்'. ஆஃப் தி ஹுக் என்பது தூண்டில் முள்ளிலிருந்து விடுபட்ட மீன். தலையில் விழுந்த பொறுப்போ பழியோ நீங்கும்போது சொல்வது. கிவ் தி ஸ்லிப் என்பது பின்னால் வருகிறவனுக்கு டிமிக்கி கொடுப்பது. ஸ்காட் ஃப்ரீயில் ஸ்காட்லாந்துக்காரர் யாரும் இல்லை. ஸ்காட் என்பது பழைய காலத்து வரி. வரி கட்டாமல் போனவனைச் சொன்ன சொல், தண்டனை இல்லாமல் போனவனுக்கும் ஆகிவந்தது. இன்றைக்குப் பெரும்பாலும் அதில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும். நல்ல மனிதர் ஒருவர் வழக்கில் நிரபராதி என்று விடுதலையானதை அப்படி எழுதினால் அவரை அவமதித்ததாகிவிடும். இதை யார் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வது?

நம் பிள்ளைகளுக்கு எட்டாத விஷயமும் இல்லை இது. கடன்காரனைக் கண்டு கம்பி நீட்டுகிறவன் வேறு, அடங்காத மகனைத் தண்ணி தெளித்து விடுகிற தாய் வேறு என்று ஆறு வயதுக் குழந்தைக்கும் தெரியும். மூக்கணாங்கயிறும் கட்டுத்தறியும் அறிந்த மொழி நம்முடையது. ஃப்ரீ ரெய்ன் என்றால் கடிவாள வாரைத் தளர்த்திக் குதிரையை அதன் போக்கில் விடுவது என்று ஒரு வரி சொன்னால் போதும், பிடித்துக்கொள்வார்கள். அதே உச்சரிப்பில் அரசாட்சியைக் குறிக்கும் சொல் ஒன்று இருப்பதால் ஆங்கிலேயர்களே எழுத்தை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். குதிரையைப் பார்த்த பிள்ளை அந்தத் தப்பைச் செய்யாது.

ஆசிரியர்களே, மதிப்பெண் அவசரம் புரிகிறது. ஆனாலும் அடுத்த முறை இந்தப் பாடத்தை எடுக்கும்போது, பொருளை எழுதிப்போடுவதற்கு முன்னால் கரும்பலகையில் ஒரு குதிரை வண்டியை வரைந்து, வார் எது, கடிவாளம் எது என்று காட்டுங்கள்.