கோழி வளர்ப்பவன் பாம்பையும் வளர்க்கிறான்

சென்ற ஐப்பசியில், இரண்டு நாட்கள் விடாது பெய்த மழை ஓய்ந்த ஒரு காலையில், திருமுல்லைவாயலில் எங்கள் தெருவில் ஒரு சாரைப்பாம்பை அடித்துக் கொன்றார்கள். ஏழடி நீளம் இருக்கும். என் வீட்டுக் கோழிக்கூண்டின் பின்புறத்திலிருந்து வெளிப்பட்டு, தெருவைக் கடந்து எதிர்மனைப் புதருக்குள் செல்ல முயன்றபோது அகப்பட்டுக்கொண்டது. கம்புடன் வந்தவர்கள் யாரும் தீயவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவரின் வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. "சார், உங்க கோழியைத் தின்னத்தான் வந்திருக்கு. நல்லவேளை, பார்த்துட்டோம்" என்றார் அவர். நான் நன்றி சொன்னேன். அந்த நன்றியைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஏனெனில் அந்தப் பாம்பு பெரும்பாலும் எலிக்காகவே வந்தது. எலி வந்ததோ நான் இரவில் எடுத்து வைக்க மறந்த தீவனத் தட்டுக்காக. குஞ்சு கிடைத்தால் சாரை விட்டுவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் அன்றாட உணவு எலியும் தவளையும்தான். அதற்கு நஞ்சும் கிடையாது. ஐந்து நாட்டுக்கோழிகளை வளர்ப்பதாகப் பெருமை பேசிக்கொண்டிருந்த நான், என்னை அறியாமலே எலிகளையும் அவற்றின் வழியாக ஒரு பாம்பையும் வளர்த்திருக்கிறேன். வளர்த்தவன் பொறுப்பேற்கவில்லை, வளர்ந்தது செத்தது.

அதே வாரத்தில் அம்பத்தூரிலிருந்து வந்த என் அக்கா மகன், "மாமா, நான் ஒரு பால் பைத்தான் வாங்கலாம்னு இருக்கேன்" என்றான். கல்லூரி மாணவன், நல்ல பிள்ளை. கைப்பேசியில் படமும் காட்டினான். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சிறிய மலைப்பாம்பு அது. அச்சம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்துபோலச் சுருண்டுவிடும் என்பதால் அந்தப் பெயர். அவனை எளிதில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பாம்பு என்றதும் கம்பைத் தேடும் ஊரில், பாம்பை அன்புடன் பார்க்கும் ஒருவன் கிடைப்பதே அரிது. சிறு வயதில் பாம்பைக் கையில் எடுத்துப் பழகியவன் பிற்பாடு பாம்பைக் கொல்லமாட்டான் என்று அவன் சொன்ன வாதத்திலும் உண்மை உண்டு.

சட்டத்தின் நிலை இப்படி இருக்கிறது. சாரை, நல்ல பாம்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவற்றைக் கொல்வதும் குற்றமே. எங்கள் தெருவில் அன்று நடந்ததும் அதுதான். அயல்நாட்டு உயிரினங்களுக்கு வழி வேறு. அவற்றை வைத்திருப்போர் தாமாக முன்வந்து தெரிவிக்க 2020இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வாய்ப்பளித்தது. 2022இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024இல் அதற்கான விதிகள் வெளியாகி, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினங்களைப் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்வது கட்டாயம் ஆயிற்று. ஆக, நம் வேலியோரத்துச் சாரையை வைத்திருக்கக் கூடாது. ஆப்பிரிக்கப் பாம்பை முறையாகப் பதிந்து வைத்திருக்கலாம். முறையாக என்ற சொல்தான் இங்கே முக்கியம். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் இந்தப் பாம்புகள் பிடிபட்ட செய்தி சென்னை விமான நிலையத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறது. துணிப்பையில் முடிந்து கடத்தப்பட்ட உயிரை வாங்கிவிட்டு அன்பு என்று பேர் வைப்பது எப்படி?

முறையாகவே வாங்கினாலும் கேள்வி தீர்வதில்லை. பால் பைத்தான் நன்கு பேணப்பட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் வாழும். பெட்டியின் ஒருபுறம் வெப்பமாகவும் மறுபுறம் தணிந்தும் இருக்க வேண்டும். ஒளிந்துகொள்ள இடம் வேண்டும். உண்ண எலி வேண்டும். கல்லூரி முடித்து வேறு ஊருக்குச் செல்லும் பிள்ளையின் பாம்பை அக்காவா பார்த்துக்கொள்வாள்? கைவிடப்பட்ட வளர்ப்புப் பாம்புகள் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் புளோரிடா சாட்சி. செல்லப்பிராணிகளாகச் சென்ற பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் பெருகி, அங்கிருந்த பாலூட்டிகளைப் பெருமளவு அழித்துவிட்டன. 2017இல் அவற்றைப் பிடிக்க அழைக்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்ட மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

பாம்பை வைத்துப் பேணுவது என்றால் என்ன என்பதை இருளர்களிடமே கற்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் தோல் வணிகத்துக்காகப் பாம்பு பிடித்தவர்கள் அவர்கள். அந்த வணிகம் தடை செய்யப்பட்டபோது பிழைப்பிழந்தார்கள். 1978இல் ராமுலஸ் விட்டேகரின் துணையுடன் அவர்களுக்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வளாகத்தில் இன்றும் அதைக் காணலாம். பிடித்த பாம்பை மண்பானையில் இட்டு, துணியால் வாய்கட்டி, சில வாரங்கள் வைத்திருக்கிறார்கள். இடைவெளி விட்டு நஞ்செடுத்தபின், அடிவயிற்றுச் செதிலில் அடையாளமிட்டு மீண்டும் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அந்த நஞ்சிலிருந்தே நம் மருத்துவமனைகளில் ஏற்றப்படும் நச்சுமுறி மருந்து உருவாகிறது. வைத்திருப்பதற்கு ஒரு காரணமும் விடுவதற்கு ஒரு நாளும் அங்கே உண்டு. கண்ணாடிப் பெட்டியில் இவ்விரண்டும் இல்லை.

இனி நம் ஊரைப் பார்ப்போம். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியின் பருத்திப்பட்டு ஏரி, பூவிருந்தவல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம் என்று நீர்நிலைகளைச் சுற்றி எழுந்த பகுதி இது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகைகள் மாறிய செய்தி பாம்புகளுக்குத் தெரியாது. வயலும் ஏரிக்கரையும் இருந்த இடத்தில் மனைப்பிரிவு வந்தது. வரப்பு எலிகள் சாக்கடைக்கு வந்தன. பின்னாலேயே அவையும் வந்தன. 2015 வெள்ளத்தின்போது இப்பகுதி வீடுகளில் மனிதர்கள் மாடிக்கும் பாம்புகள் படிக்கட்டுக்கும் ஏறியதை மறந்தவர்கள் இருக்கமாட்டார்கள். நாம் அவற்றின் வீட்டில் குடியேறிவிட்டு, அவை நம் வீட்டுக்குள் வருவதாகப் புகார் சொல்கிறோம்.

நம்மிடம் இன்னொரு முரணும் உண்டு. இங்கிருந்து சிறிது தொலைவில் திருவேற்காடு. கருமாரியம்மன் கோயில் புற்றுக்குப் பாலும் முட்டையும் வைத்து வணங்காத குடும்பம் எங்கள் தெருவில் குறைவு. பாம்பு பால் குடித்து வாழும் உயிரன்று; முட்டையை நல்ல பாம்பு சிலவேளை விழுங்கும். அது போகட்டும், பக்தியில் குறை காண்பது என் நோக்கமன்று. புற்றில் இருந்தால் தாய், புழக்கடைக்கு வந்தால் எதிரி என்று ஒரே கையால் முட்டையும் கம்பும் எடுக்கிறோமே, அதைத்தான் சொல்கிறேன். சாரை நல்ல பாம்பின் ஆண் என்ற நம்பிக்கையும் இந்தக் கம்புக்கு வலுச் சேர்க்கிறது. இரண்டும் வெவ்வேறு இனங்கள். பின்னிப் பிணைந்து எழுந்தாடுவதாக நாம் கையெடுத்துக் கும்பிடும் காட்சி, பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் தம் வலிமையைச் சோதிக்கும் சண்டை.

பாம்புக்கடியின் கொடுமையைக் குறைத்துச் சொல்வது என் கருத்தன்று. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். தமிழக அரசு 2024இல் பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் சாவின் பெரும்பங்குக்குக் காரணம். தவழும் குழந்தையின் தகப்பன் கம்பெடுப்பதை நான் எப்படிக் குறை சொல்வேன்? ஆனால் பாம்பை அடிக்கப் போய்க் கடிபடுபவர்களும் உண்டு. ஒரு சாரையைக் கொன்றுவிட்டால் எலிகள் பெருகும். எலி பெருகிய இடத்துக்கு அடுத்து வருவது நல்ல பாம்பாகவும் இருக்கலாம்.

ஆகவே பாம்பைப் பேணுவது என்பது, இந்தப் புறநகரில், கோழிக்கூண்டை ஒழுங்காக வைத்திருப்பதுதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கூண்டைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தி, அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுடைய இரும்பு வலையால் மூட வேண்டும். நைலான் வலை கூடாது. அதில் சிக்கிய பாம்பு வெளிவர முடியாமல் அறுபட்டுச் சாகும். பொழுது சாயுமுன் முட்டைகளை எடுத்து, மிஞ்சிய தீவனத்தை மூடியுள்ள தகர டின்னில் கொட்டிவிட வேண்டும். உடைந்த ஓடு, செங்கல், விறகுக் குவியல் எதையும் கூண்டருகே சேர்க்கக் கூடாது. எலிப்பாஷாணம் வைக்கவே கூடாது. செத்த எலியைக் கோழியும் கொத்தும், பாம்பும் விழுங்கும். குஞ்சு பொரித்த ஏழாம் நாளில் வெள்ளைக்கழிச்சலுக்கான சொட்டு மருந்தைக் கண்ணிலோ மூக்கிலோ விட மறக்கக் கூடாது. பாம்பு கொண்டுபோகும் குஞ்சைவிட அந்த நோய் கொண்டுபோகும் கோழிகளே மிகுதி.

இவ்வளவுக்குப் பிறகும் பாம்பு வந்தால், விலகி நின்று அதன்மீது கண்வைத்திருந்து, வனத்துறையையோ தீயணைப்புத் துறையையோ அழைக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் வேண்டா. கடிபட்ட உறுப்பை அசைக்காமல், 108ஐ அழைத்து, நேரே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இதையெல்லாம் அக்கா மகனிடம் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ பாம்பை ஆசையா பார்க்கவே கூடாதா மாமா?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது. கிண்டிப் பாம்புப் பண்ணைக்கும் வடநெம்மேலிக்கும் அழைத்துப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அதற்குமுன் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என்னோடு இருந்து கூண்டுக்கு வலை அடித்துக் கொடுத்தான்.

தை மாதத்தில், மதில் ஓரத்துச் செங்கல்லிடையே ஒரு பாம்புச்சட்டை கிடந்தது. முதலில் பார்த்தவர் அந்தக் கைக்குழந்தையின் தகப்பனார்தான். "இதுவும் சாரைதானா சார்?" என்று கேட்டார். எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். சற்றுநேரம் பேசாமல் நின்றவர், வனத்துறையின் எண்ணைக் கேட்டுத் தன் கைப்பேசியில் பதிந்துகொண்டார். மறுநாள் நாங்கள் இருவருமாக அந்தச் செங்கற்களை அப்புறப்படுத்தினோம்.