கணிப்பொறிக்குள் ஓர் ஒண்டுக்குடித்தனம்

அல்சூரில் பழைய வரிசை வீடுகளில் குடியிருந்த அன்பர்களுக்கு ஒண்டுக்குடித்தனம் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. கன்னடத்தில் வடாரா என்பார்களே, அதேதான். ஒரே காம்பவுண்டு, நடுவில் ஒரு சுவர், எல்லோருக்கும் பொதுவாக ஒரு குழாய். இப்போது என் கணிப்பொறிக்குள்ளும் அப்படியொரு குடித்தனம் வந்து சேர்ந்திருக்கிறது.

1990களின் கடைசியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து கொண்டுவந்த ஆண்டு மலர்களைப் பேஜ்மேக்கரில் அடித்து வைத்திருந்தோம். அந்நாளில் ஒவ்வொரு தமிழ் மென்பொருளுக்கும் தனித்தனிக் குறியீட்டு முறை. இன்றைய இயந்திரத்தில் திறந்தால் கோழிக் கிறுக்கல்தான் வருகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, புதிய விண்டோசுக்குள்ளேயே பழைய விண்டோஸ் எக்ஸ்பியை நிறுவிக் கொடுத்தான். இதற்கு விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். உள்ளே இருக்கும் எக்ஸ்பி, தான் ஒரு தனிக் கணிப்பொறியில் ஓடுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும்.

"அது தனி ரூம் மாமா. உள்ளே எந்த வைரஸ் வந்தாலும் வெளியே வராது" என்றான்.

இது பாதி உண்மை. சுவரில் ஓட்டை விழுவதும் உண்டு. 2015-இல் 'வெனம்' என்ற குறை வெளிப்பட்டது. கியூஈமு என்னும் மென்பொருளில், பாவனைக்கு வைத்திருந்த பிளாப்பி டிரைவின் வழியே உள்ளிருப்பவன் வெளியே வந்துவிடலாம்! 2004 முதல் அது அங்கேயே இருந்திருக்கிறது. ஆனால் இத்தகைய குறைகளுக்குத் திருத்தம் வரும். மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தால் போதும்.

என்னை உறுத்தியது பொதுக் குழாய். என் சௌகரியத்துக்காகப் பையன் எனது கோப்புகள் அத்தனையையும் எக்ஸ்பிக்கும் பொதுவாக்கியிருந்தான். இணையமும் திறந்தே கிடந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டுவிட்டது.

'ராக்னர் லாக்கர்' கும்பல் செய்ததைக் கேளுங்கள். 2020 மே மாதம் சோபோஸ் நிறுவனம் வெளியிட்ட செய்தி இது. தாக்கப்பட்ட கணிப்பொறியில் விர்ச்சுவல்பாக்ஸையும் ஒரு குட்டி எக்ஸ்பியையும் அவர்களே நிறுவினார்கள். வெளியே உள்ள டிஸ்குகளை எக்ஸ்பிக்குப் பொதுவாக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்தபடியே கோப்புகளையெல்லாம் பூட்டினார்கள். வாசலில் காவல் இருந்த ஆன்டிவைரஸ் கண்ணுக்கு, நல்ல பிள்ளையான விர்ச்சுவல்பாக்ஸ் ஏதோ எழுதிக்கொண்டிருப்பதாகத்தான் பட்டது.

அதற்காக எக்ஸ்பியைத் தூக்கி எறியச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எறிந்தால் மலர்களும் கூடவே போய்விடும். குடித்தனம் இருக்கட்டும், கட்டுப்பாடாக இருக்கட்டும் என்பதே என் கட்சி. எக்ஸ்பியின் இணைய இணைப்பை அறவே துண்டித்துவிட வேண்டும். பொதுவாக ஒரே ஒரு காலிக் கோப்புறை போதும். அதையும் எடுக்க வைக்கத் திறந்துவிட்டு உடனே மூடிவிட வேண்டும். மூலக் கோப்புகளின் நகல் ஒன்று தனி டிஸ்கில், கணிப்பொறியில் செருகாமல், அலமாரியில் இருக்க வேண்டும். நிரந்தர வழி, எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு குடித்தனக்காரரை மரியாதையாக அனுப்பிவிடுவது.

மருமகப்பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே இணைப்பைத் துண்டித்தான். ஒரு மலர் வெளியே வந்துவிட்டது. மாற்றியதில் 'ஸ்ரீ' மட்டும் எங்கு பார்த்தாலும் கட்டம் கட்டமாக நிற்கிறது. அவற்றைக் கையால் திருத்திக்கொண்டிருக்கிறேன்.