பெரியம்மாவைத் திருத்தக் கிளம்புகிறவர்களுக்கு

2010 மார்ச்சில் நித்யானந்தா வீடியோவை சன் டிவி திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தபோது நான் இன்ஜினியரிங் மாணவன். ஹாஸ்டல் டிவி ரூமில் நிற்க இடமில்லை. ‘முடிஞ்சுது இவர் கதை’ என்று அறையே தீர்ப்பெழுதிவிட்டுச் சாப்பிடப் போனது. இரண்டே வருடம். 2012 ஏப்ரலில் அதே நித்யானந்தா மதுரை ஆதீனத்தின் 293-ஆவது பீடாதிபதியாக அறிவிக்கப்பட்டார். எதிர்ப்பு கிளம்பி, வழக்குகள் வந்து, அக்டோபரில் அந்த நியமனம் ரத்தானது. பக்தர்கள் ரத்தாகவில்லை. 2019-இல் அவர் நாட்டைவிட்டே போன பிறகும் கைலாசா என்று ஒரு ‘நாடு’ இணையத்தில் எழுந்து நின்றது. 2023 பிப்ரவரியில் அதன் பிரதிநிதி என்று சொல்லிக்கொண்டு ஒருவர் ஜெனீவாவில் ஐ.நா. குழுவொன்றின் கூட்டத்தில் பேசிவிட்டும் வந்தார்.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் வீடியோக்கள் வந்துகொண்டிருக்கின்றன. காஞ்சிபுரத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா ஐந்து வருடமாக ஒரு குருவின் பக்தை. (குருவின் பெயர் வேண்டாம். உங்கள் வீட்டுக் குருவின் பெயரைப் போட்டுக்கொண்டு படித்தாலும் கட்டுரைக்குச் சேதமில்லை.) சென்னையிலும் பெங்களூரிலும், ஒருவன் டல்லாஸிலும் உட்கார்ந்துகொண்டு என் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகள் அவரைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்குக் குருவின் மேல் கோபம் உண்டு. இந்தத் திருத்தல்வாதிகள் மேல் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக உண்டு.

சாமியார்களை அம்பலப்படுத்துவதில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்காரரான அண்ணா எழுதிய ‘வேலைக்காரி’ 1949-இல் படமானபோதே அதில் ஒரு போலி ஆசிரமம் வந்துவிட்டது. திரையை விடுங்கள், நீதிமன்றத்தில் நிரூபித்தே காட்டியிருக்கிறோம். பிரேமானந்தா 1994-இல் கைதானார். 1997-இல் பாலியல் வன்கொடுமைகளுக்காகவும் கொலைக்காகவும் புதுக்கோட்டை நீதிமன்றம் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2011-இல் தண்டனைக் கைதியாகவே இறந்தார். இதற்கு மேல் என்ன நிரூபணம் வேண்டும்? விராலிமலைப் பக்கம் அவருடைய ஆசிரமம் அதற்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

எங்கள் ஊர்க் கதை வேறு மாதிரி முடிந்தது. 2004 நவம்பர் 11, தீபாவளி இரவில் சங்கரராமன் கொலை வழக்கில் ஜெயேந்திரர் ஆந்திராவில் கைது செய்யப்பட்டார். 2013 நவம்பர் 27-இல் புதுச்சேரி நீதிமன்றம் அவர் உட்பட எல்லோரையும் விடுதலை செய்தது. கைது நடந்தபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன், விடுதலை வந்தபோது சம்பளம் வாங்குகிறவன். இரண்டு முறையும் எங்கள் தெருத் திண்ணைகளில் பேசியதைக் கேட்டிருக்கிறேன். நம்பியவர்கள் கைதைச் சதி என்றார்கள். நம்பாதவர்கள் விடுதலையை நம்பவில்லை. ஒன்பது வருடத்தில் ஒரே ஒருவர்கூடத் திண்ணை மாறி உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

ஆக, ஆதாரத்துக்கு இங்கே பஞ்சமில்லை. பெரியம்மா விஷயத்தில் பார்க்க வேண்டிய இடம் யூடியூப் அல்ல, பிள்ளையார்பாளையத்து வீட்டின் கூடம். அங்கே ஒரு குழித்தறி இருந்தது. கோர்வைப் புடவை பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நெய்யும்போதே ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டையும் ஒன்றோடொன்று கோர்த்துக்கொண்டே போக வேண்டும். மூன்று நாடா ஓடும். நெய்கிறவர் தனி ஆளாகச் செய்ய முடியாது, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மறுகரை நாடாவைத் தள்ளிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ‘ஒருவர்’ பெரும்பாலும் மனைவியோ பிள்ளையோதான். முப்பது வருடத்துக்கு மேல் பெரியம்மா அந்தப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்தார். விடிகாலையில் தார் சுற்றுவதில் தொடங்கும் நாள், விளக்கு வைத்த பிறகும் முடியாது. சொசைட்டியில் கூலி பெரியப்பா பெயரில் வரும்.

பெரியப்பா போன பிறகு தறியைப் பிரித்தார்கள். அண்ணனுக்கு ஒரகடத்தில் ஷிப்ட் வேலை, அக்கா பெங்களூரில். தறிக்குழியை மூடி, டைல்ஸ் ஒட்டி, மேலே ஒரு சோபாவைப் போட்டார்கள். ‘இத்தன வருஷம் கஷ்டப்பட்டுட்ட, இனிமே ரெஸ்ட் எடும்மா’ என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ரெஸ்ட் எடுப்பது எப்படி என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. காலை நாலரைக்கு முழிப்பு வந்துவிடுகிற ஒரு பெண்மணி நாள் முழுக்க அந்த சோபாவில் உட்கார்ந்து என்ன செய்வார்?

குருவுக்குத் தெரிந்திருந்தது. நாலரை மணிக்கு அவருடைய குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வரும். வியாழக்கிழமை சத்சங்கம், பௌர்ணமிக்கு அன்னதானம். பெரியம்மாவுக்குச் சமையல்கட்டுப் பொறுப்பு. கழுத்தில் போட்டோ ஒட்டிய அடையாள அட்டை. சர்க்கார் கொடுத்த கார்டுகளைத் தவிர்த்தால், பெரியம்மாவின் பெயர் அச்சாகி நான் பார்த்த முதல் பொருள் அதுதான். ஒரு வாரம் போகாவிட்டால் மூன்று பேர் போன் செய்கிறார்கள்: ‘ஏம்மா வரல, உடம்பு கிடம்பு சரியில்லையா?’ அதே வாரத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து எத்தனை போன் போனது என்று குழுவில் ஒரு முறை கேட்டேன். எல்லோரும் படித்துவிட்டார்கள், நீல டிக் விழுந்தது. பதில்தான் வரவில்லை.

பெரியம்மா ஒரு தத்துவத்தை ஏற்றுக்கொண்டு அங்கே போய்ச் சேரவில்லை. குருவின் போதனை என்னவென்று கேட்டால் அவருக்குக் கோவையாகச் சொல்லத் தெரியாது. ‘மனசு லேசா இருக்குதுப்பா’ என்பார், அவ்வளவுதான். மனசு லேசாக இருக்கிறது என்பதற்கு மறுப்பாக நீங்கள் அனுப்புவது பதினெட்டு நிமிட வீடியோ, கூடவே சிரிக்கிற பொம்மை நாலு. அதைப் பார்த்து அவர் என்ன புரிந்துகொள்வார்? ‘என் பிள்ளைகள் என்னை முட்டாள் என்கிறார்கள்’ என்பதைத்தான்.

இதில் இன்னொரு வேலையும் நடந்திருக்கிறது. ‘இந்தப் பாதையில் வந்தால் முதலில் எதிர்ப்பது உங்கள் ரத்த உறவுகள்தான்’ என்று குரு முதல் மாதமே சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் தொழிலில் இப்படி ஒரு தந்திரம் உண்டு. கஸ்டமர் கண்டுபிடிக்கப்போகும் கோளாறை நாமே ரிலீஸ் நோட்ஸில் எழுதிவிட்டால் பிறகு யாரும் கத்த முடியாது, ‘அதான் அப்பவே சொன்னோமே’ என்று சொல்லிவிடலாம். தம்பி ஒருவன் கேலி மீம் போட்ட அன்று குருவின் முன்னறிவிப்பு பலித்தது. பெரியம்மா குடும்பக் குழுவிலிருந்து வெளியேறினார். ‘பாத்தியா, எப்படி பிரெயின்வாஷ் பண்ணிருக்கான்’ என்று அதையும் சேர்த்துக் குருவின் கணக்கில் எழுதினார்கள். பாதிக்குப் பாதி நம்முடைய கணக்கு அது.

பேசிப் பயனில்லை, பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்கிற கட்சியும் வீட்டில் இருக்கிறது. உலகத்தில் அதுவும் செய்து பார்த்தாகிவிட்டது. 1970-களில் அமெரிக்காவில் டெட் பேட்ரிக் என்பவர், புதிய மதக் குழுக்களில் சேர்ந்துவிட்ட பிள்ளைகளைப் பெற்றோர் சொற்படி கடத்தி வந்து, அறையில் அடைத்து, நாள்கணக்கில் பேசி ‘மீட்டு’த் தந்தார். சிலர் மீண்டார்கள். அவர் ஜெயிலுக்குப் போனார். 1991-இல் ஜேசன் ஸ்காட் என்ற பதினெட்டு வயதுப் பையனை அவன் அம்மா இதே பாணியில் கடத்த ஏற்பாடு செய்தார். அவன் தன் சபைக்கே திரும்பிப் போய் வழக்குப் போட்டு, 1995-இல் பல லட்சம் டாலர் நஷ்டஈடு வென்றான். அந்தத் தொகையைக் கட்ட முடியாமல் திவாலானவர்களில், இப்படிப்பட்ட குழுக்களைப் பற்றிக் குடும்பங்களை எச்சரித்துவந்த ஓர் அமைப்பும் உண்டு. அதன் பெயரை ஏலத்தில் எடுத்தது யார் தெரியுமா? அந்த அமைப்பு யாரைப் பற்றி அதிகமாக எச்சரித்ததோ, அந்த சயின்டாலஜியைச் சேர்ந்தவர். அதன் பிறகு உதவி கேட்டு போன் செய்த குடும்பங்களுக்கு எதிர்முனையில் எடுத்துப் பேசியது அவர்களுடைய ஆட்கள்.

இங்கே நீதிமன்றக் கதவைத் தட்டினால்? கோவையில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் ஈஷா யோகா மையத்தில் இருக்கும் தன் இரண்டு மகள்களுக்காக ஆட்கொணர்வு மனு போட்டார். 2024 செப்டம்பர் 30-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த மையத்தின் மேல் உள்ள வழக்குகளின் விவரம் கேட்டது, மறுநாள் போலீஸ் உள்ளே போனது. அக்டோபர் 3-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அக்டோபர் 18-இல், மகள்களுக்கு 42, 39 வயது, விருப்பப்பட்டே இருப்பதாக அவர்களே சொல்கிறார்கள் என்று வழக்கை முடித்துவைத்தது. அந்தத் தகப்பனின் வலி பெரியது. ஆனாலும் வயது வந்தவர் ‘நான் இங்கேதான் இருப்பேன்’ என்றால் சட்டம் அதைத்தான் கேட்கும், கேட்கவும் வேண்டும். நாளைக்கு நம் தங்கை காதலனோடு போய்விட்டால் அப்பா போடும் மனுவும் இதே மனுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

‘அப்ப விட்டுடு, அவங்க இஷ்டம்’ என்பது அடுத்த கட்சி. முற்போக்கு மாதிரித் தெரியும், பல சமயம் வெறும் சோம்பேறித்தனம். நம்பிக்கை அவர் இஷ்டம், சரி. சர்க்கரை மாத்திரை? வீட்டுப் பத்திரம்? சேவையில் யாரோ கொடுத்த கஷாயத்தை நம்பி மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருந்தார் பெரியம்மா. மூன்று மாதச் சராசரி 10-ஐத் தாண்டியிருந்தது. நீரிழிவைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். ஆனால் கஷாயத்துக்கு விளம்பரமா கொடுக்கிறார்கள், பக்கத்தில் உட்கார்ந்து அன்பாகச் சொல்கிறார்கள். நான் பெரியம்மாவோடு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா கெட்டிக்காரர், குருவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ‘கஷாயம் குடிக்கறதா இருந்தா அத என்கிட்ட காட்டிட்டுக் குடிங்க, மாத்திரைய மட்டும் என்னைக் கேக்காம குறைக்காதீங்க’ என்றார். பெரியம்மா அதற்கு ஒத்துக்கொண்டார்.

சொத்து விஷயத்தில் சட்டம் நாம் நினைப்பதைவிடத் தெளிவானது. 1890-இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு மன்னு சிங் வழக்கு வந்தது. வயதானவர், ஆன்மா கடைத்தேற வேண்டி மொத்தச் சொத்தையும் குருவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். தன் செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்தவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு குருவுடையது என்றது நீதிமன்றம். ஒப்பந்தச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு சொல்லும் தகாத செல்வாக்கு இதுதான். ஆனால் உயிரோடு இருக்கும்வரை ரத்து கேட்க வேண்டியவர் எழுதிக்கொடுத்தவர். நீங்களும் நானும் இல்லை. விவரம் தெரிந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள் கேட்க வேண்டும். இதே காலத்தில் இங்கிலாந்தில் ஆல்கார்ட் என்ற பெண் ஒரு கன்னியர் சபையில் சேர்ந்து தன் சொத்தைக் கொடுத்துவிட்டு 1879-இல் வெளியே வந்தார். 1885-இல்தான் வழக்குப் போட்டார். செல்வாக்கு இருந்தது உண்மை என்று 1887-இல் நீதிமன்றம் ஒத்துக்கொண்டது. ஆனாலும் ரொம்பத் தாமதம் என்று சொல்லிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது.

அந்த ஆறு வருடத்தைத்தான் நான் யோசிக்கிறேன். ஒருவர் வெளியே வர, ‘ஏமாந்துட்டேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல, எதிரில் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் ‘நாங்க அப்பவே சொன்னோம்ல’ என்று சொல்லாதவராக இருக்க வேண்டும். எங்கள் குழுவில் இன்றைய தேதிக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? பெரியம்மாவுக்கு நாளையே சந்தேகம் வந்தாலும் அதை அவர் நம்மிடம் மறைப்பார். சிரிப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும். ஐந்து வருடமாகச் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறீர்கள்.

நான் செய்வது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பெரியப்பாவின் வாரிசுச் சான்றிதழை வாங்கி, பட்டாவை மூன்று பேர் பெயருக்கும் மாற்ற அண்ணனை உலுக்கினேன். உயில் இல்லாததால் பெரியம்மாவுக்கு வீட்டில் மூன்றில் ஒரு பங்குதான். அதை அவரிடமே சொன்னேன், ஒளிக்கவில்லை. ‘நான் என்ன எழுதிக் குடுத்துடுவன்னு பாக்கறியா’ என்று கோபித்துக்கொண்டார். ‘யாராவது கேட்டா, என் பேர்ல மட்டும் இல்லைன்னு சொல்றதுக்கு உங்களுக்கு வசதி பெரியம்மா’ என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, பிறகு காபி போட்டார்.

பௌர்ணமி அன்னதானத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். சாம்பார் பிரமாதம், பெரியம்மா கை. ஐந்நூறு ரூபாய் கொடுத்து ரசீது கேட்டேன். பதிவு எண் இல்லாத ஒரு சீட்டு வந்தது. வருமான வரிக்கு 80ஜி நம்பர் போட்டது வேண்டும் என்றேன், அடுத்த மாதம் என்றார்கள். அடுத்த மாதம் நான் போகவில்லை. பெரியம்மா கேட்டிருக்கிறார், அவராகவே. பட்டையும் ஜரிகையையும் எடை போட்டு வாங்கி, புடவையை எடை போட்டுத் திருப்பிக்கொடுத்து, கிராம் குறைந்தால் சொசைட்டியில் நின்று சண்டை போட்ட வீட்டுப் பெண்மணி அவர். சமையல்கட்டுக்கு வரும் அரிசி மூட்டைக்கும் சீட்டில் இருக்கும் எண்ணிக்கைக்கும் ஒத்துப்போகவில்லை என்று போன வாரம் என்னிடம் முனகினார். நான் குருவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ‘எத்தனை மூட்டை?’ என்று மட்டும் கேட்டேன்.

டல்லாஸ் தம்பி உட்பட எல்லோரும் அடுத்த வீடியோவை அனுப்புவதற்கு முன்னால் அவருக்கு ஒரு போன் பண்ணுங்கள். தறி வேலையைப் பற்றிக் கேளுங்கள், ஒரு மணி நேரம் பேசுவார். வியாழக்கிழமை தவிர மற்ற நாட்களில் வீட்டில்தான் இருக்கிறார். மதியம் ரெண்டு மணிக்கு மேல் அடித்தால் எடுப்பார்.